பத்து நிமிடம் செல்லும் எண்

அந்த டேப்லெட்டில் கோளாறு எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டரம்மா. தினமும் நான்தான் துடைத்து வைப்பேன். ஒரு கீறல் கிடையாது.

அக்காவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. வெளியூரில் இருக்கும் மகளோடு மெயிலில்தான் பேச்சு. அதைத் திறந்து கொடுத்ததும் நான்தான். பாஸ்வேர்டு போட்டால் ஆறு இலக்க எண் கேட்கும். அது என் போனுக்கு வரும். சீட்டில் எழுதிக் கொடுப்பேன், அவள் தட்டுவாள். ஒரு தடவை தட்டினால் மாதக்கணக்கில் திரும்பக் கேட்காது.

ஒருநாள் துடைக்கப் போனபோது, மகளுக்கு எழுதிய மெயில் பாதியில் திறந்து கிடந்தது. "இவளோட இனிமே முடியாது. வந்து கூட்டிட்டுப் போ. கிளம்புற அன்னைக்கு இவகிட்ட சொல்லிக்கலாம்."

இருபத்திரண்டு வருஷம் அவளுக்குத் தலை வாரிவிட்ட கை இது. அழித்தேன். கணக்கிலிருந்து வெளியேறினேன்.

"என்னடி, மறுபடி நம்பர் கேக்குது?" என்றாள்.

அந்த எண்ணுக்குப் பத்து நிமிடம்தான் ஆயுசு. நான் அடுப்பை அணைத்து, கை கழுவி, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத வேண்டும். பன்னிரண்டு நிமிடம் ஆகிவிடும்.

"செல்லாதுன்னு சொல்லுதுடி."

இன்னொரு தடவை கேட்டுப் பார் என்று சைகை காட்டுவேன்.

"நீ இல்லேன்னா இந்தச் சனியனோட நான் என்னடி பண்ணுவேன்" என்பாள். நடிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவள் மெயிலை என் போனில் திறந்து வைத்துக்கொண்டேன். 'ஏம்மா எழுதவே இல்ல?' என்று மகள் கேட்டாள். 'சவுக்கியம். நீ அலைய வேண்டாம்' என்று பதில் போட்டேன்.

"ரத்த டெஸ்ட் ரிசல்ட் மெயில்ல வரும்னு எழுதிக் குடுத்தாங்களேடி. பாக்கணுமே."

வந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்தால் குணப்படுத்தலாம், அதுவரை உப்பைக் குறைக்கவும் என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மகளைக் கூப்பிடுவார்கள். மகள் வந்தால் அக்காவை என்னிடம் திரும்ப விடமாட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன்.

ஏழு வாரம் இருந்தாள். தினமும் எண் கேட்டாள். கடைசி நாள் மட்டும் வந்த கையோடு எழுதிக் கொடுத்தேன். அவளுக்குத்தான் விரல் தூக்க முடியவில்லை.

சீட்டெல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். எடுத்துச் சரிபாருங்கள். ஒரு எண்ணைக்கூட நான் அவளுக்கு மாற்றி எழுதியதில்லை.