ஒத்தை டிக்கெட்டு

...ஆயுதமாம் சார்! ஆயுதம்! அந்த எக்ஸ்ரே மிஷின்கிட்ட நிக்கறானே ஒரு தடியன், அவன் சொல்றான். இத்தனூண்டு இரும்புக் கவட்டை சார் அது. தட்டினா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். காது டெஸ்ட் பண்றவன் பையில அது இல்லாம வேற என்ன இருக்கும், அருவாளா? சரி, புரிய வைப்போமேன்னு தட்டி அவன் காதுகிட்ட கொண்டு போறேன், ரெண்டடி பின்னால குதிக்கிறான்! இவனுங்கதான் நாட்டக் காப்பாத்தப் போறானுங்க. பிடுங்கி பெட்டியில போட்டுட்டான். இருபத்தோரு வருஷமா என்கூட இருந்த சாமான்.

இங்க யாரும் வரலியே? உங்க பையை மட்டும் கொஞ்சம்... ஆங், போதும் போதும். எனக்கு இந்தத் தூண் மறைவுதான் வசதி. அந்தப் பக்கம் வெயில்.

நம்ம ஊருக்குத்தானே போறீங்க? நானும்தான். இன்னிக்கு இருக்கறதே ஒரு விமானம். இனிமே இந்த ஊர்ப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன் சார்.

என்ன ஜோலியா வந்தேன்னு கேக்கறீங்க... சொன்னா சிரிப்பீங்க. பாட்டுக் கேக்க வந்தேன். நாப்பத்தொம்பது வயசுல, விமானம் ஏறி, தனியா, ஒரு பேண்டு வாசிக்கறதக் கேக்க. சிரிங்க, பரவால்ல.

நாலு பேர் கோஷ்டி சார். நான் காலேஜ் படிக்கறப்பலேருந்து அவங்க பாட்டுதான். ஒரு கேசட்டு, தேஞ்சு தேஞ்சு நாடா வழுவழுன்னு ஆகற வரைக்கும் கேட்டிருக்கேன். அந்த பாஷை எனக்கு அரைகுறைதான். ஆனா சங்கீதத்துக்கு பாஷை எதுக்கு? காது வேணும். காது எனக்குத் தொழில். காது டாக்டர்கிட்ட வேலை. கண்ணாடி ரூம்ல ஆளை உக்கார வெச்சு, தலையில ஹெட்போனை மாட்டி, 'சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க'ம்பேன். வெளிய நான் சத்தத்தைக் கொறைச்சுக்கிட்டே வருவேன். ஜனங்க இருக்காங்களே... கேக்காததுக்கும் அமுக்குவாங்க! நான் சத்தமே குடுக்கல, இவரு அமுக்கறாரு. காது போச்சுன்னு ஒத்துக்க மானம் விடாது. இப்படி ஆளுங்களையே பாத்துப் பாத்து, எனக்கு மனுஷங்க மேல இருந்த மரியாதையே போயிடுச்சு சார்.

இந்த ஊர்ல இறங்கினேனா, ஹோட்டல்ல ஒரு பொண்ணு. 'எத்தனை பேர்?'ங்கறா. ஒருத்தர்ங்கறேன். 'ஒருத்தரா?'ங்கறா. ஏம்மா, பின்னால பத்துப் பேரு நிக்கறாங்களா, எண்ணிப் பாரேன்! ரூமைத் திறந்தா ரெண்டு தலைகாணி, ரெண்டு துண்டு, ரெண்டு டம்ளர். ஜன்னலைத் திறந்தா எதுத்த கட்டடத்துச் சுவரு. கை நீட்டினா தொடலாம். 'ஊரைப் பாத்த ரூம்'னு போட்டிருந்தான். சுவரும் ஊர்லதானே இருக்கு, பொய்யுன்னு சொல்ல முடியாது. குழாயில சுடுதண்ணி வர்றதுக்குள்ள எனக்குக் குளிக்கிற ஆசையே போயிடுச்சு. சாப்பிடப் போனாலும் அதே கதை. 'உங்க கூட வர்றவங்க வரட்டும், அப்புறமா ஆர்டர் எடுக்கறேன்'னு போயிட்டான் சார் அந்த சர்வர். வருவாங்க வருவாங்கன்னு அவன் அங்க, பசியில நான் இங்க. முக்கா மணி நேரம்!

தனியாதான் வரணும்னு நானா எடுத்த முடிவு சார் இது. நல்லா யோசிச்சு எடுத்தது. கூட ஆள் வந்தா பாட்டுக் கேக்க முடியுமா? பாத்ரூம் எங்க, பசிக்குது, கால் வலிக்குது, அந்தாளு ஏன் தலை சீவல... இதுலயே போயிடும் பொழுது. முக்கியமா பொம்பளைங்க. என் வீட்டுக்காரியையே எடுத்துக்குங்க. நல்லவ. குத்தம் சொல்ல முடியாது. ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ் வேலை. ஆனா பாட்டு விஷயத்துல... செவிடன் காதுல ஊதுன சங்குதான். நான் ரூம் கதவைச் சாத்திட்டு ஸ்பீக்கரைப் போட்டேன்னா, அவ அந்தப் பக்கம் சமையக்கட்டுல பாத்திரத்தை உருட்டிட்டு இருப்பா. இருபத்திரண்டு வருஷமா இதான் எங்க வீட்டு நடைமுறை. 'உனக்கு இதெல்லாம் புரியாது'ன்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னேன். அதோட அவளும் கேக்கல, நானும் சொல்லல.

ம்ம்... இல்ல. ஒரு தடவை கேட்டா. நாலு மாசம் முன்னாடி. ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு வெச்சுக்கிட்டே, 'ஏங்க, உங்க பேண்டு இங்க பக்கத்து நாட்டுக்கு வர்றாங்களாமே, போவோமா?'ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா டிக்கெட்டு அன்னிக்குக் காலையிலயே வாங்கிட்டேன். ஒத்தை டிக்கெட்டு. 'அதெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு'ன்னேன். 'ஓஹோ'ன்னுட்டு உப்பை எடுத்து நகத்தி வெச்சா. அவ்வளவுதான் பேச்சு.

அப்படிப் பாக்காதீங்க சார். பொய்யுன்னா எல்லாம் பொய்யா? புது மிஷினு வந்திருக்கு, பயிற்சிக்கு நாலு நாள் வெளிநாடு அனுப்பறாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்குத்தான் அந்த இரும்புக் கவட்டையெல்லாம் பையில எடுத்து வெச்சேன். அவ பாக்கற மாதிரி! டாக்டருக்கு லீவு லெட்டர்ல வயித்து வலி. ஒரு பொய் சொன்னா அதுக்குக் காவலுக்கு ஒம்போது பொய் சம்பளமில்லாம வந்து நிக்குது. அவளும் நல்லதாப் போச்சுன்னு, 'தங்கச்சிக்கு முதுகு வலியாம், நான் அங்க போய் நாலு நாள் இருந்துட்டு வரேன்'னா. பேஷா போயிட்டு வான்னேன். பெரிய மனசு பாருங்க எனக்கு!

சரி, கச்சேரிக்கு வரேன். திறந்தவெளி மைதானம். நாலு மணிக்கு ஆரம்பம். ரெண்டு மணிக்கே போய் வரிசையில நின்னேன். எனக்கு முன்னால ஒரு நெட்டை, பின்னால ஒரு புகைபோக்கி. ஒவ்வொருத்தன் கையிலயும் போனு. கண்ணு எதுக்கு இருக்கு, கேமரா வழியாப் பாக்கவா? பனியன் விக்கிற கடையில கூட்டம் நெரியுது. பேண்டு படம் போட்ட பனியன் போட்டாத்தான் பாட்டு காதுல ஏறுமா? எனக்கு அதெல்லாம் தேவையில்ல. ஆரஞ்சு கலர்ல பஞ்சடைப்பான் எடுத்துட்டுப் போயிருந்தேன். காதுல அடைச்சுக்கிட்டேன். பின்ன? அந்த ஸ்பீக்கர் பக்கத்துல ரெண்டு மணி நேரம் நின்னா, மறுவாரம் என் கண்ணாடி ரூமுக்குத்தான் வரணும். சுத்தி நிக்கறதுங்க எல்லாம் ஆடுதுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ரசிகன்னா அப்படித்தான் நிக்கணும்.

வந்தானுங்க நாலு பேரும். கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை சார். பாட்டுக்காரனுக்கு அந்தக் காலத்துல இடுப்பு வரைக்கும் முடி. இப்ப மொட்டை. மேளக்காரன் தொப்பைக்கும் டிரம்முக்கும் நடுவுல குச்சி போக எடமில்ல. கிதாரு ரெண்டும் மூக்குக் கண்ணாடி. முதல் பாட்டை எடுக்கறான், சுதி ஒரு படி கீழ! தொண்டை ஏறல அவனுக்கு. மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ல. உச்சு கொட்டிக்கிட்டே நின்னேன். ரெண்டாவது பாட்டும் அப்படித்தான். மூணாவது, நாலாவது... இதுக்காடா வந்தோம்னு ஆயிடுச்சு.

அப்புறம் அந்தப் பாட்டு வந்துச்சு. இருக்கறதுலயே அதுதான் பெரிசு. முதல் சரணம் ஊரே பாடும். ரெண்டாவது சரணம் சுலபமில்ல, வார்த்தை மடமடன்னு வந்து விழும். நானே அந்த எடத்துல 'ம்ம் ம்ம்'னுதான் ஓட்டுவேன். முப்பது வருஷமா ஓட்டிட்டிருக்கேன். மொட்டை என்ன பண்ணான், முதல் சரணம் முடிஞ்சதும் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிட்டான். 'நீங்க பாடுங்க'ன்னு. எல்லாவனும் முழிக்கிறான்! எனக்கு ஒரே குஷி. பாட்டு தெரியாதவனுக்கெல்லாம் பனியன் வாங்கத் தெரிஞ்சுதான்னு.

மேடைக்கு ரெண்டு பக்கமும் பெரிய திரை. கேமராக்காரன் கூட்டத்துல யாராவது பாடறாங்களான்னு தேடிக்கிட்டே போறான். நெட்டை, குட்டை, ஒருத்தி தோள்ல ஒரு குழந்தை... அப்புறம் நின்னுது. முன் வரிசைக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டாவது சரணம் பாடறா. ஒரு வார்த்தை விடல. தலையில பின்னல் அவுந்து கிடக்கு. பேண்டு பனியன். நாலு ஆள் உசரத்துக்கு அந்த முகம்...

என் பொண்டாட்டி சார்.

சத்தியமா சொல்றேன். பக்கத்துல என் கொழுந்தியா, முதுகு வலிக்காரி, எம்பி எம்பிக் குதிக்கிறா.

நான்... எனக்கு என்ன தோணுச்சுன்னா... முதல்ல கோவம்தான் வந்துச்சு. பொய் சொல்லிட்டு வந்திருக்காளேன்னு! நாக்குல ஒரு வார்த்தை வந்து, அப்படியே முழுங்கிட்டேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி. யார்கிட்டப் போய் கத்தறது? அப்புறம்தான் காதுல பஞ்சடைப்பான் இருக்கறது ஞாபகம் வந்துச்சு. பிடுங்கிப் போட்டேன். மொட்டை தன் மைக்கை அவகிட்டயே நீட்டிட்டான். அவ குரலு சார்... அந்த மைதானம் பூரா. பெரிய குரலெல்லாம் இல்ல. கொஞ்சம் நடுங்குச்சு. ஆனா வார்த்தை ஒவ்வொண்ணும் தெளிவா... அந்தப் பாட்டுல அப்படி ஒரு வரி இருக்குன்னே எனக்கு நேத்துதான் தெரியும். வாசப்படியில நின்னுட்டுத் தட்டாமலே திரும்பிப் போறவனைப் பத்தின பாட்டாம் அது. நான் ஏதோ குதிரைப் பந்தயம்னு நெனச்சிட்டிருந்தேன்.

எங்க கத்துக்கிட்டிருப்பா? வீட்டுல ஹெட்போன் கிடையாது, கேசட்டு என் பீரோவுல. சுவரு வழியாத்தான் கேட்டிருக்கணும். பாத்திரத்தை உருட்டற சத்தம்னு நெனச்சேனே... இருபத்திரண்டு வருஷம் சார்! பாட்டு முடிஞ்சு கூட்டம் கைதட்டுது. அவ கண்ணைத் திறந்து தன்னைத் தானே திரையில பாத்து, வாயைப் பொத்திக்கிட்டா. அந்த மாதிரி ஒரு சிரிப்பு எங்க கல்யாண போட்டோவுல கூட கிடையாது.

அப்புறம் என்ன வாசிச்சானுங்கன்னு கேக்காதீங்க. தெரியாது. எனக்கு அவ தலை எங்கன்னு தேடறதுதான் வேலை. வெளிய வரும்போது பத்தடி தூரத்துல போனா சார். தங்கச்சி தோள்ல கை போட்டுக்கிட்டு, குரல் கம்மிப்போய், அதே சரணத்தைத் திரும்பவும்... நான் பனியன் கடைப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். கூப்பிட்டிருக்கலாம். என்னன்னு கூப்பிடறது? 'டிக்கெட்டு தீந்துபோச்சுன்னு சொன்னவன் நான்தான்'னா? அவளும் முதல்ல எங்கிட்டதானே கேட்டா. பக்கத்துல நின்னிருப்பேன் சார். அந்தக் கம்பிகிட்ட. நான் மட்டும் அன்னிக்கு ரெண்டா வாங்கியிருந்தா...

அட, போன் அடிக்குது. ஒரு நிமிஷம்... ஐயோ. அவதான்.

ஹலோ... ஆங், சொல்லு... பயிற்சியா? நல்லாப் போச்சு, நல்லாப் போச்சு. எல்லாம் புது மிஷினு... உன் குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு?... ஏ.சி. ஒத்துக்கலியா. சரி சரி, வெந்நீர் குடி... தங்கச்சி முதுகு? ம்ம்... இப்பத் தேவலையா... எங்க, ஒரே இரைச்சலா இருக்கு? மார்க்கெட்டா?... என் பக்கமா? இங்க கேன்டீன்ல... ஆமா, மைக்கு டெஸ்ட் பண்றாங்க...

சார், கேட்டீங்களா அந்த அறிவிப்பு? நம்ம விமானம் முக்கா மணி லேட்டுங்கறானே. போன்லயும் அதேதான் சார் கேக்குது! இந்தக் காதுல நேரா, அந்தக் காதுல அவ போன் வழியா. ஒரே குரலு, ஒரே விமான நம்பரு...

ஹலோ? ஹலோ... இருக்கியா?

...

ம்ம். ஆமா.

...

பதினாலாம் நம்பர் கேட்டு. தூண் பக்கம்.

வெச்சுட்டா சார். 'நீங்களும் ஏர்போர்ட்லயா?'ன்னா. அப்புறம் 'எந்த கேட்டு?'ன்னா, அவ்வளவுதான். நான் வந்ததுலேருந்து இந்தத் தூணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், கூட்டத்துல எங்கயாவது இருப்பாளேன்னு பயந்துக்கிட்டு. இப்ப என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க. நீங்க முதல்லயே வந்தவரு, இவரு ரொம்ப நேரமா தலைவலின்னு படுத்திருந்தாருன்னு ஏதாவது... இல்ல, வேணாம். இன்னொண்ணு வேணாம்.

ஏங்க... எங்க எழுந்திருக்கறீங்க? பையை எதுக்கு எடுக்கறீங்க? உக்காருங்க சார், இன்னும் முக்கா மணி இருக்கு! தனியா விட்டுட்டுப் போகாதீங்க, என்ன சார் நீங்க... யாரைப் பாத்து அப்படித் தலையசைக்கறீங்க? எனக்குப் பின்னாலயா?

...

வா. உக்காரு.

அந்தப் பனியனை மாத்தவே இல்லையா நீ?... சரி, சிரிக்காத. ரெண்டாவது சரணம், மெதுவா, ஒரு தடவை சொல்லு.