ஐம்பதுக்குக் குறைவாக

உங்கள் படிவம் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஒரே ஒரு குறை, 'தொழில்' என்பதற்கு எதிரே இரண்டு விரல் அகலம்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். 'மானிய விண்ணப்பம் எழுதுபவன்' என்பதை நெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. மற்றபடி கேள்விகள் தெளிவு. பதினாறு வருடமாகப் படிவம் நிரப்புகிறவன் நான். பாராட்டுவதில் கஞ்சத்தனம் கிடையாது.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கேள்வி கேட்டால் கோர்வை போய்விடும்.

எங்கள் அலுவலகம் ஏரிக்கரையில் இருக்கிறது. பத்தொன்பது பேர் வேலை பார்க்கிறோம். காப்பாற்றுவது மீசை நாரையை. அலகுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுப்பு இறகு தொங்கும். எதிலும் திருப்தி அடையாத கணக்கு வாத்தியார் மாதிரி முகம். ஆரம்பத்தில் முப்பத்தொன்று இருந்தன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை ஸ்டோர் ரூமில் வைத்து நானே மீன் ஊட்டி வளர்த்தேன். விசில் அடித்தால் ஏரியின் அந்தக் கோடியிலிருந்து என்னிடம் வரும்.

பணம் தருவது கடல் கடந்த ஓர் அறக்கட்டளை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிபந்தனைகள் இரண்டு. பறவைகள் ஐம்பதுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஏரியை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களில் பாதிக்கு மேல் சொந்தப் படகு இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அழிகிற உயிருக்கும் ஏழை மக்களுக்கும் ஒரே விண்ணப்பத்தில் உதவுகிற அருமையான ஏற்பாடு. எதிலும் குற்றம் காண முடியாது.

எங்கள் கஷ்டம், நாங்கள் நன்றாக வேலை செய்துவிட்டோம்.

பறவைகளை எண்ணுவது என் மனைவியின் தம்பி. எல்லோரும் அவனைத் 'தொலைநோக்கி' என்றுதான் கூப்பிடுவோம். குளிக்கும்போதுகூட அதைக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டான் என்று அவன் அக்காவே சொல்லுவாள். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடி வந்தான்.

"அத்தான், அம்பத்தெட்டு. மூணு தடவ எண்ணிட்டேன். ஸ்வீட் எடுங்க."

"இன்னொரு தடவ எண்ணு" என்றேன்.

"எண்ணுனா இன்னும் ரெண்டு குஞ்சு பொரிச்சிரும், பரவால்லயா?"

அதே வாரம் அறக்கட்டளை அதிகாரி கணினித் திரையில் வந்தார். உங்கள் பறவை பிழைத்துவிட்டது, உங்கள் மக்களும் முன்னேறிவிட்டார்கள், கெடுவுக்குள் நிலைமை மாறாவிட்டால் எங்கள் நிதி இதைவிட மோசமான இடத்துக்குப் போகும் என்று மனதார வாழ்த்தினார். எங்கள் டைரக்டர் அம்மா சிரித்தபடியே கையசைத்தார். திரை அணைந்ததும் சிரிப்பும் அணைந்தது.

"நல்லா பண்ணீங்க போங்க. இவ்ளோ நல்லா பண்ணச் சொல்லி யார் உங்களக் கேட்டது?" என்றார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிதி நின்றால் காவலர்கள் வீட்டுக்குப் போவார்கள். மறுநாளே பறவைக்கு வலை போடுகிறவன் வருவான். இரண்டு வருடத்தில் ஐம்பத்தெட்டும் போய்விடும். ஆகவே ஐம்பத்தெட்டையும் காப்பாற்ற ஒரே வழி, அவை ஐம்பத்தெட்டாக இல்லாமல் இருப்பது. இதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தேன். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

விசில் அடித்தேன். வந்தன.

நோயில் பிழைக்காத பறவையை வலியில்லாமல் முடிப்பதற்காகக் கால்நடை மருத்துவர் சொல்லிக் கொடுத்த முறைதான். ஒரு நொடி வேலை. ஒன்பது. பத்து அல்ல, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் குறைவு என்றால் நாற்பத்தொன்பது; தேவைக்கு மேல் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. ஒன்பதையும் அலுவலகத்துக்குப் பின்னால் குழிக்கு ஒன்றாகப் புதைத்து, மேலே ஒரு மரக்கன்று வீதம் நட்டேன். அறிக்கையில் மரம் நடுதல் என்ற தலைப்பு இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்தது. அதுவும் நிரம்பியது.

அடுத்தது படகுகள். நாற்பத்தாறு குடும்பங்களில் நாற்பது பேரிடம் படகு இருந்தது. எல்லாம் எங்கள் திட்டத்தில் வந்தவை. படகுச் சங்கத் தலைவியிடம் தன்மையாகத்தான் பேசினேன்.

"படகெல்லாம் சங்கத்தோடதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா. வீடு வீடா யார்கிட்டயும் இல்லன்னு காட்டிரலாம்."

"ரிப்பன் வெட்டி, சாவி குடுக்கற மாதிரி போட்டோ எடுத்தீங்களே சார். படகுக்கு ஏது சார் சாவின்னு கேட்டதுக்கு, சும்மா பிடிம்மான்னீங்க. இப்ப எங்களுது இல்லயா?"

"பேப்பர்ல மட்டும்தாம்மா."

"நாங்க நல்லாருக்கோம்னு சொன்னா உங்களுக்கு எங்க சார் வலிக்குது?"

கையெழுத்துப் போடாமல் போய்விட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

இதற்கிடையில் தொலைநோக்கி மறுபடி எண்ணினான். நாற்பத்தொன்பது. சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. நாணல் காடு முழுக்கத் தேடினான். ஒருநாள் அலுவலகத்துக்குப் பின்னால் நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். மேசைமேல் மண் ஒட்டிய கால்வளையம் ஒன்றை வைத்தான். பறவைக்குப் போடும் எண் வளையம்.

"அத்தான், அந்தச் செடிங்க ஏன் இவ்ளோ வேகமா வளருது?"

நான் வளையத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

"நான் அறக்கட்டளைக்கு எழுதப்போறேன். உங்க பேரு வராது. ஒம்பது செத்துப்போச்சு, வந்து விசாரிங்கன்னு மட்டும் எழுதறேன்."

"வர்ற வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போயிரும். அதுக்கப்புறம் எழுதேன்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். அதுக்குள்ள நீங்களே எழுதிருங்க. அக்காவுக்காகத்தான் சொல்றேன்."

நல்ல பையன். ஒரு விஷயத்தை எங்கே முடிப்பது என்றுதான் அவனுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் தீத்தடுப்புப் பயிற்சி வைத்தேன். சிரிக்காதீர்கள். திட்டத்தில் நடத்தாமல் விட்ட ஒரே நிகழ்ச்சி அதுதான். நான் எதையும் பாக்கி வைக்கிறவன் இல்லை. வராதவர் வீட்டுக்கு வலை கிடையாது என்று சொன்னதால் கைக்குழந்தை முதல் எல்லோரும் வந்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தீயணைப்புக்காரர் செய்து காட்டியதில் ஊரில் இருந்த இரண்டு தீயணைப்பு உருளைகளும் காலியாயின. மக்கள் கைதட்டினார்கள். படகுகள் எல்லாம் கரையில் ஒரே கொட்டகையில் நின்றன. வெயிலில் பலகை வெடிக்கிறது, கொட்டகை போடுங்கள் என்று போன வருட அறிக்கையில் பரிந்துரைத்ததும் நானே.

கொட்டகைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். பழக்கம். நாற்பத்தாறு குடும்பத்தின் கையெழுத்தும் இருந்தது. எங்கள் ஊழியர்களில் ஒரு கையெழுத்து இல்லை.

தொலைநோக்கி விடியலிலிருந்து எண்ணுவான். பத்து மணிக்குக் கொட்டகையின் கடைசிப் படகில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவான். கொட்டகை போட்ட நாளிலிருந்து அவன் தூங்கும் இடத்தை நான் அறிவேன். மத்தியானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

குறட்டை கேட்டதா என்று கேட்க வருகிறீர்கள். கேட்டது.

தீக்குச்சி முதல் உரசலில் பற்றவில்லை. அப்போதும் அவன் எழுந்திருக்கலாம். இரண்டாவது பற்றியது.

கூடத்துக்குத் திரும்பி வந்து, தீ என்று முதலில் கத்தியவன் நான்தான். பயிற்சியில் சொன்னபடி வரிசையாக வெளியேறச் சொன்னேன். யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. படகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. விண்ணப்பத்தை நான்கரை மணிக்கு அனுப்பினேன். கெடு முடிய அரை மணி நேரம் இருந்தது.

உங்களுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை, அது எனக்குத் தெரியும். மின்கசிவு என்று எழுதி மூடப் போனீர்கள். என் மனைவிதான் இன்று மத்தியானம், தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"அவன் எங்க தூங்குவான்னு உங்களுக்குத் தெரியுமே?"

ஆமாம் என்றேன். வீட்டில் நான் பொய் சொல்வதில்லை. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

பறவைகளா? புகைக்குப் பயந்து நாற்பத்தொன்பதும் அன்றைக்கே எழும்பிப் போய்விட்டன. ஆறு நாளாக விசில் அடிக்கிறேன். ஒன்றும் வரவில்லை. வந்துவிடும். வராவிட்டாலும் விண்ணப்பத்துக்குப் பாதகம் இல்லை. ஐம்பதுக்குக் குறைவு என்பதில் பூஜ்யமும் அடங்கும். படித்துப் பார்த்துவிட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? போட்டாயிற்று. இதற்கு ஒரு சான்றிட்ட நகல் மட்டும் வேண்டும், இன்ஸ்பெக்டர். அறக்கட்டளை இன்று காலை ஒரு சின்ன விளக்கம் கேட்டிருக்கிறது. இந்த இனத்துக்கு உள்ளூரில் உடனடி ஆபத்து உண்டா, உண்டென்றால் யாரால், ஆதாரம் இணைக்கவும் என்று. எவ்வளவு யோசித்தும் அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வாக்குமூலத்தை அப்படியே இணைத்துவிட்டால், படித்து அவர்களே யாரையாவது கண்டுபிடித்துக்கொள்வார்கள்.