விறாந்தையில் இருந்த இருபத்தாறு பேர்

பிள்ளைகளே, இதைக் கதிரையில் இருந்து ஆறுதலாக வாசியுங்கோ. நடுவில் எழும்பி வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். முடியும்வரை வாசியுங்கோ.

ஓடுகிறேன். சண்டைக் காலத்து ஒரு வியாழக்கிழமை. காலை பத்து இருபது. இடது செருப்பு அறுந்துவிட்டது. வெறுங்காலோடு தார் றோட்டில் ஓடுகிறேன். குடாவுக்கு அந்தப் பக்கம் 'டொப்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். போத்தல் மூடி கழன்ற மாதிரி. அதுதான் செல் ஏவுகிற சத்தம். அதிலிருந்து எண்ணவேண்டும். பதினாலில் கூவல் கேட்கும். பதினாறில் விழும். எண்ணுகிறேன். பதினாறு. மீன் வாடிப் பக்கம் விழுகிறது. நிலம் காலுக்குக் கீழே உதறுகிறது.

எல்லாச் சனமும் கரையை விட்டு ஓடி வருகிறது. நான் ஒருவன் கரையைப் பார்த்து ஓடுகிறேன்.

"தலைவர்! அங்கால போகாதேங்கோ! கரைக்குத்தான் அடிக்கிறாங்கள்!"

சைக்கிள் கடைக்காரர் கத்துகிறார். நான் நிற்கவில்லை.

உங்கள் அம்மாவையும் மூத்தவனையும் அன்புவழிபுரத்தில் அயல்வீட்டுப் பங்கருக்குள் இறக்கிவிட்டு வந்தனான். மூத்தவனுக்கு அப்போது ஒரு வயது. சின்னவள் பிறக்கவில்லை. அம்மா என் சேட்டைப் பிடித்து இழுத்தவ. பிடியைக் கழற்றிப்போட்டு வந்தனான். சாமானைப் பார்க்கவேண்டும் என்று சொன்னனான். கைக்குழந்தையோடு இருந்த மனுசிக்கு அதைத்தான் சொன்னனான்.

நான் ஓடிப்போன கட்டடம் உங்களுக்குத் தெரியும். இப்போது வெள்ளை அடித்து, கண்ணாடிப் பெட்டி வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவருகிற நூதனசாலை. அப்போது அது வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கிட்டங்கி. கப்பல் சாமான் அடுக்கின இடம். கல்லுச் சுவர் இரண்டு முழம் தடிப்பு. மேலே கொங்கிறீட் தட்டு. உச்சியில் இரண்டு சின்ன யன்னல். ஒரே ஒரு இரும்புக் கதவு. முன்னால் ஓடு போட்ட விறாந்தை. விறாந்தைக்குச் சுவர் இல்லை. தூண்கள்தான்.

உள்ளே எங்கள் கலை மன்றத்தின் சாமான். கூத்துக் கொப்பிகள். கிரீடங்கள், உடுப்புகள். மத்தளம். அக்கரைக் கிண்ணியா முஸ்லிம் ஆட்கள் தந்த றபான் மேளங்களும் களிகம்பு ஆட்டக் கோல்களும். எண்பத்தெட்டுக் கட்டு ஓலை ஏடு.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மன்றத்தில் திரை இழுக்கிறவனாகச் சேர்ந்தனான். பிறகு காவல். படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கதிரைகள் வெறுமையாகின. நான் போக இடமில்லாமல் இருந்தனான். ஒருநாள் பார்த்தால் நான்தான் தலைவர். என் உயர்வு அவ்வளவுதான்.

ஏடுகள் முதலில் நூறு கட்டு. அதற்கு முந்தின சண்டையில் இடம்பெயர்ந்த சனத்துக்கு நானே கதவைத் திறந்துவிட்டனான். ஒரு மாதம் உள்ளே இருந்தார்கள். மாரி காலம். விறகு ஈரம். அடுப்பு மூட்ட ஓலையை எடுத்தார்கள். காய்ந்த ஓலை நன்றாகப் பற்றும். பன்னிரண்டு கட்டுப் போனது. பாதி எரிந்த ஒரு ஓலை சாம்பலுக்குள் கிடந்தது. எடுத்துத் துடைத்து, ஒரு வாத்தியாரிடம் வாசிப்பித்தனான். மாட்டுக்கு வருகிற நோய்க்கு மருந்து. பாதி மருந்து. மற்றப் பாதி ஆருடையவோ தேத்தண்ணிக்குப் போய்விட்டது. அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன். இனி உயிர் போனாலும் திறக்கமாட்டேன் என்று. ஆருடைய உயிர் என்று யோசிக்கவில்லை.

கதவுக்கு இரண்டு பூட்டு. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஒருமுறை ஒரு றபான் காணாமல் போனது. எங்கள் ஆட்கள் கிண்ணியா ஆட்களைச் சொன்னார்கள். அவர்கள் எங்களைச் சொன்னார்கள். கூட்டத்தில் கதிரை பறந்தது. கடைசியில் அந்த றபான் உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. ஆரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமல் இரண்டு பூட்டுப் போட்டோம். ஒரு திறப்பு தலைவரான என்னிடம். மற்றது செயலாளர் நசீர் நானாவிடம். அவர் கிண்ணியா. அங்கே அண்ணனை நானா என்பார்கள். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவரை ஒருவர் நம்பாமல் இருக்க நாங்கள் கண்டுபிடித்த வழி.

நசீர் நானாவுக்கு அந்தப் பூட்டுகளைக் கண்டாலே சிரிப்பு. என் அரைநாண் கயிற்றில் தொங்குகிற திறப்பைப் பார்த்து எல்லோருக்கும் முன்னால் கேட்பார்: "தலைவர், அது திறப்போ தாலியோ?"

பத்து முப்பத்தைந்து. கிட்டங்கிக்கு வந்துவிட்டேன். விறாந்தை நிறையச் சனம். அக்கரையில் இருந்து வள்ளத்தில் வந்து இறங்கினவர்கள். அக்கரையிலும் செல். இக்கரையிலும் செல். ஆர் அடித்தது என்று கேட்டால் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைச் சொல்லும். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது.

எண்ணினேன். இருபத்தாறு பேர். தமிழரும் முஸ்லிம்களும். மூட்டைகள். ஒரு தையல் மெசின். ஒரு கூடு, அதற்குள் கோழி. கதவோடு ஒட்டிக்கொண்டு நசீர் நானா. வேர்த்துப்போய் நிற்கிறார். அவருடைய பூட்டு திறந்து வளையத்தில் தொங்குகிறது. அவர் அந்த வள்ளத்திலேயே திறப்போடு வந்திருக்கிறார்.

"வந்திட்டீங்களோ! அல்லாஹ்தான் அனுப்பினது. திறவுங்க தலைவர், உங்கடதத் திறவுங்க."

என் வலது கை இடுப்புக்குப் போனது. எனக்குத் தெரியும், போனது. அந்த நேரம் ஒரு பெண் விறாந்தை மூலையில் கல்லு வைத்துக்கொண்டிருந்தா. மூன்று கல்லு. அடுப்பு. பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க. சல்லியில் இருந்து அக்கரைக்குக் கலியாணம் கட்டிப் போன தவம் அக்கா. மீன் விற்கிறவ. எனக்கு முன்பே தெரிந்தவ.

எனக்கு அந்த மூன்று கல்லுத்தான் தெரிந்தது. சாம்பலும் பாதி ஓலையும் தெரிந்தது.

கையை எடுத்தேன்.

"திறப்பு வீட்டில" என்றேன்.

நசீர் நானா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அந்தத் திறப்பு என் இடுப்பை விட்டு இறங்காது என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரியும் என்றால் அவருக்குத் தெரியும். சனத்துக்கு முன்னால் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "பிள்ளைகள மட்டுமாவது விடுவம் தம்பி. மற்ற ஆக்கள் வெளிய இருக்கட்டும்" என்றார். என்னைத் தம்பி என்று அவர் கூப்பிட்டது அந்த ஒருதரம்தான்.

"திறப்பு வீட்டில, நானா. ஏலாது."

தவம் அக்கா எழும்பி நின்றா. "ஓலைக்குக் கொங்கிறீட்டு, எங்களுக்கு ஓடோ தம்பி? நல்லாயிருக்குது உங்கட மன்றம்!" சிலர் சிரித்தார்கள். பயத்திலும் சனம் சிரிக்கும். ஒருவர் வள்ளத்தில் கிடந்த அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டுக்குள் விட்டு நெம்பப் பார்த்தார்.

"உடைக்காதேங்கோ! அரசாங்கச் சொத்து! உடைச்சா உள்ள போவீங்கள்!"

அது என் சத்தம். பிள்ளைகளே, அன்றைக்குச் செல் சத்தத்தைவிட எனக்கு நினைவில் நிற்பது அதுதான். அரசாங்கம் அந்தக் கிட்டங்கிக்கு ஒரு ஓடு தந்தது இல்லை. இருந்தும் சொன்னேன். அந்த மனுசன் அலவாங்கைக் கீழே வைத்துவிட்டார். ஏழைச் சனம். அந்தச் சொல்லுக்குப் பயம்.

"போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு விறாந்தையை விட்டு இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. கிட்டங்கிக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனேன். அவர்களுடைய முகங்களில் இருந்து தப்ப. கல்லுச் சுவருக்கு மறைவில் குந்தினேன். திறப்பை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வேர்வையில் நனைந்திருந்தது. திரும்பிப் போய்த் திறந்தால் பொய் பிடிபடும். அதுவும் யோசித்தேன். பொய் பிடிபடும் வெட்கம். அதைக்கூட எழுதத்தான் வேண்டும்.

திரும்பவும் இடுப்பில் செருகினேன்.

பத்து ஐம்பது. டொப். டொப். டொப். மூன்று. எண்ணுகிறேன். ஒன்பதில் ஒரு குழந்தை அழுகிறது. பத்தில் நசீர் நானாவின் குரல்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ! தலையப் பொத்துங்கோ!"

பதினாலில் கூவல். பதினாறு.

முதலாவது கடலுக்குள். இரண்டாவது றோட்டில். மூன்றாவது ஓட்டைப் பிய்த்துக்கொண்டு விறாந்தைக்குள்.

பிறகு சத்தமே இல்லை. காது அடைத்துவிட்டது. ஓட்டுத் தூசி சிவப்பாக இறங்குகிறது. ஓடிவந்தேன். எதை மிதித்தேன் என்று எழுதமாட்டேன். நீங்கள் என் பிள்ளைகள். நசீர் நானா கதவில் சாய்ந்து இருந்தார். இருந்தபடியே. அவருடைய முதுகுக்குப் பின்னால் என் பூட்டு.

டொப் என்று திரும்பவும் கேட்டதோ இல்லையோ தெரியாது. காது இல்லை. இடுப்பில் இருந்து திறப்பை எடுத்தேன். நசீர் நானாவை நகர்த்தினேன். திறந்தேன். கதவு ஒரு நொடியில் திறந்தது. எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த பூட்டு.

"உள்ள! உள்ள வாங்கோ! உள்ள!"

காயப்பட்டவர்களை இழுத்து உள்ளே போட்டோம். தவம் அக்கா தன்னுடைய மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றா. பிள்ளையின் கை தொங்கியது. என் கையில் இருந்த திறப்பைப் பார்த்தா. என் இடுப்பைப் பார்த்தா. அவ என்னோடு ஒருநாளும் மரியாதை குறைத்துக் கதைத்ததில்லை. பகிடி பண்ணினாலும் நீங்கள் என்றுதான் சொல்லுவா.

"இடுப்பிலயோடா வச்சிருந்தனீ?" என்று கேட்டா.

வாய் அசைந்ததைத்தான் கண்டேன். காது கேட்கவில்லை. ஆனால் அது விளங்கியது.

அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. முகாமுக்குப் போனவ. பிறகு கடல் கடந்து போய்விட்டா என்று கேள்விப்பட்டேன். நசீர் நானாவை அன்றைக்கு அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கம் பண்ணினார்கள். பிறகு அவருடைய வீட்டுக்குப் போனபோது மனைவி திரைக்குப் பின்னால் இருந்து கேட்டா: "நீங்க பக்கத்தில நிண்டீங்களாமே. என்ன நடந்தது?" நான் சொன்னேன்: "கதவு இறுகிப்போச்சு தங்கச்சி. திறக்க முதல் விழுந்திட்டுது." அவ என்னை நம்பினா. எனக்குத் தேத்தண்ணி அனுப்பினா. குடித்தேன்.

அதே வாயால்தான் பிறகு இத்தனை வருசமும் மேடையில் பேசினேன். ஒரு மன்றத்துக்குத் தலைவராக இருந்தவன் மூன்றுக்குத் தலைவரானேன். நூதனசாலைக் குழுவிலும் சேர்த்தார்கள். "யுத்தத்தில் ஒரு ஓலையைக்கூட இழக்காதவர்" என்று மாலை போட்டார்கள். உண்மை. அந்தப் பன்னிரண்டு கட்டுக்குப் பிறகு இழக்கவில்லை. போட்டவர்கள் மீது எனக்குக் கோபம். ஒருவராவது விறாந்தையைப் பற்றிக் கேட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டு நின்றவன் மீது அதைவிடக் கோபம். போன மாதம் பொன்னாடை போர்த்தினபோது முன்வரிசையில் நீங்கள் கை தட்டினீர்கள். சின்னவள் பள்ளிக்கூடக் கட்டுரையிலும் எழுதியிருக்கிறாள். அவளுக்கு நல்ல புள்ளியும் கிடைத்தது. அதனால்தான் எழுதுகிறேன். பொய்யை என் பிள்ளையின் கையெழுத்தில் பார்க்க என்னால் ஏலாது.

பொருட்கள் முக்கியம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஏடு எரிந்தால் அந்த மருந்து திரும்பி வராது. அது நிச்சயம். காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆருக்காகக் காப்பாற்றுகிறோம் என்று அன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்டிருந்தால், சனத்துக்காக என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தச் சனம் விறாந்தையில் இருந்தது.

இழந்தவை. ஏடு, ஒன்றுமில்லை. கூத்துக் கொப்பி, ஒன்றுமில்லை. கிரீடம், மத்தளம், றபான், ஒன்றுமில்லை. யன்னல் கண்ணாடி ஒன்று. விறாந்தைக் கூரை.

செத்தவர்கள். நசீர் நானா, வயது நாற்பத்தேழு. தவம் அக்காவின் மகள் கலா, வயது ஒன்பது. அலவாங்கு கொண்டுவந்த சின்னத்துரை. அவருடைய மனைவி புவனம். தையல் மெசினை விடமாட்டேன் என்று வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்த ஹமீதும்மா. பெயர் தெரியாத ஒருவர், வள்ளத்தில் கடைசியாக ஏறினவர், சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டு. அவருடைய பெயரை இன்றுவரைக்கும் விசாரிக்கிறேன். ஆறு பேர். கை, கால், கண் போனவர்கள் ஒன்பது பேர்.

ஞாயிற்றுக்கிழமை செல் நின்றது. மத்தியானம் தனியாகக் கிட்டங்கிக்குப் போனேன். கதவை உள்ளே இருந்து சாத்தினேன். அலுமாரிகளுக்கு நடுவில் வெறும் சீமெந்து நிலத்தில் படுத்தேன். கையைக் காலை ஒடுக்கி, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு. ஒன்று. எழும்பினேன். ஒரு முழம் தள்ளிப் பக்கத்தில் படுத்தேன். இரண்டு. திரும்ப எழும்பினேன். சுவர் மட்டும் போய், திரும்பி, உடுப்புப் பெட்டிகளின் பக்கமாக வந்தேன். ஏட்டு இறாக்கைகளுக்குக் கீழேயும் படுத்துப் பார்த்தேன். ஒரு சாமானைக்கூட அசைக்கவில்லை. முதுகெல்லாம் தூசி.

நாற்பத்தொரு தரம் படுத்து எழும்பினேன்.