பாறைமேல் ஒன்றரை மணி நேரம்

எங்கள் ஊரில் டவர் கிடைப்பது மொட்டைப் பாறைமேல் மட்டும்தான், ஐயா. நெல்லிவாசல்நாட்டுக்கு வந்தால் நீங்களும் அங்கேதான் ஏறியாக வேண்டும்.

கோவாவில் ஆற்றில் நிற்கும் கேசினோ என்கிற சூதாட்டக் கப்பல்களில் ஆறு வருஷம் கிடந்தவன் நான். பகலில் கரையில் ஓட்டலில் பாத்திரம் கழுவுவேன். சம்பளம் வாங்கினால் நேரே கப்பலேறி, சிவப்பா கறுப்பா என்று பணம் கட்டுகிற அந்தச் சக்கரத்துக்கு முன்னால் போய் உட்காருவேன். அங்கேயே தேடிவந்து என்னைக் கூட்டிப்போனவள் என் மனைவி செந்தாமரை. இனி கப்பல் ஏறமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். ஏறவும் இல்லை. அதே சக்கரம் போனுக்குள் வந்துவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய?

மாசி மாதம், புளி பொறுக்கும்போது அவளைக் கண்ணாடி விரியன் கடித்தது. உச்சிவெயில். அவள் தம்பி காசி புடவையில் டோலி கட்டினான்.

"மாமா, நாங்க அக்காவ ரோட்டாண்ட தூக்கினு போறோம். நீங்க பாறைக்கு ஓடி, மணிவேல் அண்ணன ஜீப்ப எட்துனு வரச் சொல்லுங்க."

செந்தாமரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் வந்துடுய்யா. பயமா கீது."

ஓடினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஏறியதும் டவர் முழுசாக இருந்தது. என்னுடையது பழைய போன். பேசினால் நெட் அறுந்துவிடும். பேசுமுன் திறந்து பார்த்தால், சக்கரத்தில் ஒன்பது தடவை தொடர்ந்து கறுப்பே விழுந்திருந்தது. அடுத்தது சிவப்பு என்று ஆடினவனுக்குத் தெரியும். அவளுக்காகத்தான் பணம் வைத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு சும்மாவா? சிவப்பே விழுந்தது. ஜெயிக்கும்போது எழுந்து போகிறவன் உண்டா? அப்புறம் தோற்றேன். தோற்றதை மீட்காமல் எப்படிப் போவது?

மணிவேலுக்குப் போன் போட்டேன். போடவே இல்லை என்று காசி சொன்னால் அது பொய். பாறை ஏறி ஒன்றரை மணி நேரம் கழித்துப் போட்டேன்.

ஜீப் வந்தபோது அவள் காசி மடியில் உயிரில்லாமல் கிடந்தாள். அதுவரை டவரே கிடைக்கவில்லை என்றேன். நம்பினான், என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அப்படிப்பட்டவன் கருமாதி முடிந்த மறுநாளே என் போனைத் திருடி, அதிலிருக்கும் ஆட்டக் கணக்கோடு உங்கள் ஸ்டேஷன் மேசையில் வைத்துவிட்டான். கூடப்பிறந்தவனாக நினைத்தேனே, வயிறு எரிகிறது.

செந்தாமரை செய்தது அதைவிடப் பெரிய துரோகம். மணிவேலிடம் பேசுவதற்காக நான் நெட்டை அறுத்த அந்த ஆட்டத்திலும் சிவப்புதான் விழுந்தது, பிறகு பார்த்தேன். நான் வைக்க இருந்ததும் சிவப்புதான். அவளுக்காக அதையே விட்டேன், ஐயா. அவளுக்குக் கொஞ்சம் பொறுத்திருக்க முடியவில்லை.