ஒம்போது எழுத்து

இருங்க சார், போடறனுங்க கையெழுத்து. எங்க ஓடியா போயிருவேன்? காயிதத்தையும் பேனாவயும் இப்புடி நீட்டிட்டே நின்னா கை நோவுமுங்க. சித்த உக்காருங்க. ஐயோ, அது இங்கிலீசு ‘ஆர்’ எழுத்து மூட்டைங்க, அதுமேல வேண்டாம். ஸ்டூல்ல.

ஆமாங்க, ஆபீசு பார்மாலிட்டிதான், நீங்கதான் சொல்லிப்போட்டீங்களே. படிச்செல்லாம் பாக்க வேண்டியதில்ல சித்ரகலான்னும் சொன்னீங்க. நா எங்கீங்க படிக்கறது, எட்டாவதோட நின்னவ. நீங்க கோயமுத்தூருல எம்.பி.ஏ. மணியன் மொதலாளிக்கு மச்சினன் வேற. இங்க வந்து முழுசா ஒரு மாசம் ஆயிருக்குமுங்களா?

வந்தன்னிக்கு என்னப் பாத்து, இந்தம்மாவுக்கு என்ன வேலைன்னு சிரிச்சீங்க பாருங்க, இப்பச் சொல்றனுங்க. வெளிநாட்டுக்காரன் ஆர்டரக் கேன்சல் பண்ணிப்போடுவான். பனியன் நெஞ்சுல ஒட்டறதுக்குன்னு வாங்குன ரப்பர் எழுத்தெல்லாம் மூட்டை மூட்டையா நின்னுபோவும். இதுல ஏ, அதுல ஈ. இருக்கற எழுத்த வெச்சு என்ன இங்கிலீசு வார்த்தை வருதுன்னு நாந்தான் தேடிக் குடுக்கறது. மிஞ்சுன கொழந்தைப் பனியன்ல அத ஒட்டி, காதர்பேட்டைக் கடைகளுக்குத் தாட்டியுட்டா வித்துப்போவும். பதினோரு வருசமா இதாங்க பொழப்பு.

இதுக்கு ஒரு ஆளான்னு கேட்டீங்க. கம்ப்யூட்டருல தட்டுனா ஒரு செகண்டுல நானூறு வார்த்தை கொட்டுமாமா. கொட்டுமுங்க, ஆரு இல்லீன்னா? கொட்டுனதுல எத எடுக்கறதுன்னு தெரியோணுமில்லீங்க.

இப்ப ஏ, ஈ, ஆர், எஸ், டி இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அரெஸ்ட்டுன்னு வரும். பச்சக் கொழந்தைக்குப் போட்டுவுட முடியுமுங்களா? டியர்ஸுன்னு வரும். கண்ணீருன்னு எழுதுனத எந்த அம்மாக்காரி காசு குடுத்து வாங்குவா? ஸ்டாரு. நாலே எழுத்து. ஊருல இருக்கற எல்லாக் கொழந்தையும் அவிங்க அம்மாளுக்கு ஸ்டாருதானுங்க. முடிஞ்சுது சோலி.

நீங்க பண்ணுனதுக்கு வாரனுங்க. ஆறு மூட்டை. ஏ, ஈ, ஐ, என், ஆர், டி. குண்டடத்துல எங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்துன்னு நா மூணு நாளு லீவு. நா இருந்தா ட்ரெயின்னு போட்டிருப்பேன், அஞ்செழுத்து, பையனுக ஓடிவந்து எடுப்பானுக. நீங்க என்னடான்னா இருக்கறதுலயே நீளமான வார்த்தை எதுன்னு பாத்திருக்கறீங்க. எண்டர்டெயின். ஒம்போது எழுத்து! அடக் கெரகமே, ரெண்டு வயசுச் சைஸுங்க சார் அது. கொழந்தை நெஞ்சு என்ன லாரிக் கண்ணாடீங்களா? மொத எழுத்து ஒரு கக்கத்துல, கடைசி எழுத்து இன்னொரு கக்கத்துல. அதுலயும் ஈ ரெண்டு, என் ரெண்டு, டி ரெண்டு. ஒரே லாட்டுலயே மூட்டை காலி. எண்ணூறு பனியன் அந்த மூலைல கெடக்குது, நாய் மோந்து பாக்காது.

மிசின்ல ஒட்டற மூக்கையாண்ணன் சொன்னாராமே, சார், நீளமுங்கன்னு. உனக்கு இங்கிலீசு தெரியுமான்னு கேட்டீங்களாமா. தெரியாதுங்க அவருக்கு. கக்கம் எங்க இருக்குதுன்னு தெரியும். நல்ல மனுசன். எந்த வார்த்தை, எத்தன பீஸுன்னு சீட்டு எழுதிக் குடுக்காம மிசினத் தொடமாட்டாரு.

என்ன சார், அப்புடி வேர்க்குது? காத்தாடியப் போட்டுவுடட்டுங்களா?

இதுங்களா? டிக்சனரிங்க. எங்க அண்ணன் மக பத்தாவது முடிச்சுப்போட்டுத் தூக்கிக் கடாசுனது. இங்கிலீசு வார்த்தை, பக்கத்துலயே தமிழு. பின்ன, நா சோசியம் பாத்தா வார்த்தை தேடறேன்னு நெனச்சீங்க? மூணு தடவ அட்டை மாத்தியாச்சு. இங்கிலீசு பேசச் சொன்னா எனக்கு வாயே தொறக்காதுங்க. ஆனா எந்த வார்த்தையக் காட்டுனாலும் தேடிப் புடிச்சுப்போடுவேன்.

உங்க காயிதத்தையும் தேடிப்போட்டனுங்க. நேத்து மத்தியானம் இந்த மேசைல வெச்சுப்போட்டு டீக்குப் போனீங்களே, அப்ப. சோறுகூடத் திங்கலீங்க, ஒவ்வொண்ணாப் பாத்து, தமிழ எழுதிக் கோத்தா, நா சொல்றாப்புல இப்புடி வந்துது. எண்டர்டெயின்னு வார்த்தையத் தேர்ந்தெடுத்தது நானு. தப்பு என்னோடது. சொந்த விருப்பத்துல வேலைய வுட்டுப் போறேன். சரிங்களா? எங்கியாச்சும் தப்பா இருந்தாச் சொல்லுங்க, திருத்திக்கறேன்.

பதினோரு வருசத்துல ஒரு லாட்டு என்னால வீணாப்போனதில்ல. இதையும் வுட்டுப்போட்டு, நோவற இந்த மொழங்காலோட வேற கம்பெனில செக்கிங் டேபிள்ல நாளெல்லாம் என்னால நிக்க முடியாதுங்க. ஊட்டுல சம்பாதிக்கறது நா ஒருத்திதான். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதியிருக்கறீங்க.

கையெழுத்துங்களா? அதுக்கென்ன, இருக்குதே. என்னோடது இல்லீங்க, உங்களுது. மூக்கையாண்ணனுக்கு எழுதிக் குடுத்தீங்களே சீட்டு, எண்டர்டெயின், எண்ணூறு பீஸுன்னு. தேதி போட்டு, அடில உங்க பேரு. நல்ல கையெழுத்துங்க உங்களுக்கு, முத்து முத்தா. அவருகிட்ட வாங்குன அந்தச் சீட்டையும் ஒரு பனியனையும் காலைல வந்த ஒடனே மொதலாளி மேசைல வெச்சுப்போட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன்.

பயப்படாதீங்க, உங்கள ஒண்ணும் வேலைய வுட்டுத் தாட்டியுட மாட்டாரு. மச்சினனாச்சே. என்னையத் தாட்டாம இருந்தாச் செரி.

போனு அடிக்குது பாருங்க. மொதலாளிதான். எடுங்க சார், எவ்வளவு நேரம் அடிக்க வுடுவீங்க? பேனாவ இங்க வெச்சுப்போட்டுப் போயிராதீங்க, எடுத்துட்டுப் போங்க. அங்க தேவைப்படும்.