கரைப்பக்க ஆணி

உங்கள் ஊரில் தேநீர் கேட்டால் ஒரு கோப்பை வெந்நீரையும் பக்கத்தில் தேயிலைப் பொட்டலத்தையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிரித்து முக்குவதற்குள் தண்ணீர் ஆறிவிடுகிறது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், மேடம். கோடை முழுவதும் இப்படித்தான் குடித்தேன், நாக்கு பழகிவிட்டது.

நீங்கள் முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தீர்கள். இங்கே எல்லோரும்தான் அதைக் கேட்கிறார்கள். கடைக்காரர், தபால்காரர், காலையில் பல் விளக்கும் தொட்டியருகே நிற்கும் பெண்கள், யார் கேட்கவில்லை? ஆனால் நாம் வாயைத் திறப்பதற்குள் நாலடி தள்ளிப் போயிருப்பார்கள். வந்த புதிதில் நான் அவர்களுடைய முதுகுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிலுக்காக நின்ற முதல் ஆள் நீங்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. வேறு யாரும் என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை.

நான் நன்றாக இல்லை. அதுதான் பதில்.

என் ஊர் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கப்பல் கட்டும் தளத்தையும் மழையையும் விட்டால் அங்கே வேறெதுவும் இல்லை. கல்லூரியில் புவியியல் படிக்கிறேன். கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போகலாமென்றால், அம்மா இந்த வருடம் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். என் அறையில் இப்போது அவருடைய மகன் தூங்குகிறான். "எங்கயாவது போய் உலகத்தப் பார்த்துட்டு வாயேன் ஹேசல்" என்றார் அம்மா, ஏதோ என் நன்மைக்குச் சொல்வதுபோல. அமெரிக்கக் கோடை முகாம்களுக்கு மாணவர்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்று கல்லூரியில் மேசை போட்டிருந்தது. போய்ப் பெயரைக் கொடுத்தேன். அப்படித்தான் மெய்ன் மாநிலத்தில் இந்த ஏரிக்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தேன். பணக்கார வீட்டுச் சிறுமிகள் கோடையைக் கழிக்கும் இடம்.

எனக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். அதனால் பலகை வேலையைக் கொடுத்தார்கள். ஏரிக்குள் நீளும் மரமேடையின் தொடக்கத்தில் ஒரு பெரிய பலகை நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். ஒரு பாதி ஏரிப்பக்கம், மறுபாதி கரைப்பக்கம். இரண்டிலும் வரிசையாக ஆணிகள். முகாமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய மர வில்லை ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்கும்போது அதைக் கரைப்பக்கத்திலிருந்து எடுத்து ஏரிப்பக்க ஆணியில் மாட்ட வேண்டும். கரையேறியதும் திரும்ப இந்தப் பக்கம். ஏரிப்பக்கத்தில் வில்லை இருந்து ஆளைக் காணோமென்றால் சங்கு ஊதும். சமையல்காரர் உட்பட எல்லோரும் ஓடிவந்து, கைகோத்து, தண்ணீருக்குள் வரிசையாக நடந்து காலால் துழாவ வேண்டும்.

இதில் எதற்கும் தளராத விதி ஒன்று உண்டு. அவரவர் வில்லையை அவரவர் கையால்தான் மாற்ற வேண்டும். முகாமின் முதலாளியம்மாளே வந்தாலும் அடுத்தவர் வில்லையைத் தொடக்கூடாது. அதைக் காவல் காப்பதுதான் என் வேலை. "நீதாம்மா இந்தப் பலகைக்குப் பூதம்" என்பார் கர்ட்டிஸ். ஏரி வேலைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். நல்ல மனிதர். அவரை ரொம்ப விரட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றபடி என்னோடு யாருக்கும் பேச்சில்லை. விரோதம் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தால், "ஒரு பாட்டில் தண்ணின்னு சொல்லு, சொல்லு" என்பார்கள். எங்கள் ஊர் உச்சரிப்பில் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு போய்விடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசைக்கு வந்து உட்கார மாட்டார்கள். ஏரியில் ஒரு பறவை இருக்கிறது, ஆள் ஓலமிடுவதுபோல் கூவும். ஆரம்பத்தில் பயமாக இருந்தது. பிறகு அதற்குப் பதில் கூவப் பழகினேன். எனக்குத் தனிமையாக இருந்தது, மேடம். சொல்ல வெட்கமாக இல்லை.

டெலியா மட்டும் வேறு மாதிரி. நீச்சல் சொல்லிக்கொடுப்பவள், கர்ட்டிஸின் வலது கை. ஒகாயோ மாநிலத்துக்காரி. எதைப் பார்த்தாலும் "ஐயோ, எவ்ளோ அழகு" என்பாள். ஒருநாள் நாங்கள் இருவரும் படகுகளைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். கேம்ப் முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். என் விமானம் அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான், நடுவில் போக இடமில்லை என்றேன்.

"நீ எங்க வீட்டுக்கு வந்தே ஆகணும், செல்லம்" என்றாள். "எங்கம்மா உன்னத் தலையில வெச்சுக் கொண்டாடுவாங்க. உன் பேச்சக் கேட்டே மயங்கிடுவாங்க. நிஜமா சொல்றேன்டி, வந்துடு."

எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டில் இருபது வருடம் குடியிருந்தாலும் ஒரு வாய் டீக்குக் கூப்பிட யோசிப்பார்கள். கூப்பிட்டுவிட்டால் அது சத்தியம். அன்று இரவு நான் அழுதேன். துக்கத்தில் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. மேசைக்கு யாரும் வராவிட்டால் என்ன, டெலியாவின் அம்மாவுக்கு எதைப் பற்றிப் பேசினால் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டு சாப்பிடுவேன். சமையலறையில் டங்கன் என்று ஒருவன் இருந்தான், ஸ்காட்லாந்துக்காரன், என்னைப் போலவே கோடைக்கு வந்தவன். "நாங்க கொஞ்சப் பேர் பஸ்ல தெக்கால போறோம். நீயும் வர்றியா?" என்று கேட்டான். நண்பர் வீட்டில் எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. நண்பர் வீட்டில் எதிர்பார்க்கிறார்கள்.

கடைசி நாளுக்கு வருகிறேன். முந்தின நாளே பிள்ளைகளைப் பெற்றோர் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். நான் காலையில் பெட்டியோடு டெலியா தங்கியிருந்த குடிசை வாசலில் போய் நின்றேன்.

"என்னடி இது, மூட்டை முடிச்சோட?" என்றாள்.

"எத்தன மணிக்குக் கிளம்பறோம்?" என்றேன்.

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "ஐயோ செல்லம். அது பேச்சுக்குச் சொன்னதுடி. சாயங்காலம் என் ஆளு ட்ரெவர் வர்றான், நாங்க ரெண்டு பேரும் கடலோரமாப் போறோம். அடுத்த வருஷம் கண்டிப்பா, என்ன?" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர்கள் எதற்கும் கட்டிப்பிடிப்பார்கள்.

பரவாயில்லை என்றேன். எங்கள் ஊரில் வீடே இடிந்து விழுந்தாலும் அதைத்தான் சொல்வோம். அவள் நம்பிவிட்டாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பின்பக்கமாக வந்தபோது உள்ளே அவள் குரல் கேட்டது. "அந்த இங்கிலீஷ்காரி நெசமாவே பெட்டியக் கட்டிட்டு வந்து நிக்கிறாடா! நான் யாரத்தான் வீட்டுக்குக் கூப்பிடல? போன வாரம் பால்காரரக்கூடக் கூப்பிட்டேன்."

டங்கன் சிரித்தான். பிறகு, "பாவம்டி. எங்க போவா அவ?" என்றான்.

"எங்கயாவது போவா. அதுக்காக நான் என்ன, தத்தா எடுத்துக்க முடியும்?"

டங்கன் மோசமானவன் இல்லை. கொஞ்ச நேரத்தில் என்னைத் தேடி வந்து, பஸ்ஸில் இன்னும் இடம் இருக்கிறது என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் தீவில் அதற்கு வேண்டாம் என்று பொருள். அவனும் அந்தத் தீவுக்காரன்தான், புரிந்துகொண்டு போய்விட்டான்.

மதியம் வேலையாட்கள் எல்லோரும் கடைசியாக ஒருமுறை ஏரியில் இறங்கினார்கள். அது அங்கே வழக்கம். பிள்ளைகள் இல்லாததால் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும் என்ற விதியை அன்று விட்டுவிட்டார்கள். வில்லை விதியை மட்டும் விடவில்லை. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போய் மாட்டினார்கள். டெலியாவும் மாட்டினாள். என்னைப் பார்க்காமல் மாட்டினாள்.

திடீரென்று வானம் கறுத்தது. இடி கேட்டால் எல்லோரும் கரையேற வேண்டும். கர்ட்டிஸ் விசில் ஊதினார். தள்ளிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஏறி வந்தார்கள், வில்லைகளைப் படபடவென்று மாற்றிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஏரிப்பக்கத்தில் ஒரே ஒரு வில்லை மிச்சம்.

அவள் தூரத்தில், நடு ஏரியில் கட்டியிருக்கும் மிதவைக்கும் அப்பால் இருந்தாள். நன்றாக நீந்துபவள் எப்போதும் அவ்வளவு தூரம் போவாள். காலில் நரம்பு பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். மிதவையை நோக்கி வருவாள், நிற்பாள், முங்குவாள், எழுவாள். பிறகு ஒரு கையை நேராக மேலே தூக்கினாள். ஆபத்து என்றால் அப்படித்தான் தூக்க வேண்டும் என்று கோடை முழுவதும் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

நானும் கையைத் தூக்கி அசைத்தேன்.

அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மழைச் சத்தத்திலும் கேட்டது. இவ்வளவு பேர் இருக்கும் ஊரில் அவளுக்கு அப்போது என்னைத் தவிர ஆள் இல்லை என்று நினைத்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கர்ட்டிஸ் மேடையின் அந்தப்பக்கம் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். படகுகள் மோதிக்கொள்ளும் சத்தத்தில் அவருக்கு அவள் குரல் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "எல்லாரும் ஏறியாச்சாம்மா?" என்று கத்தினார். நான் டெலியாவின் வில்லையை எடுத்துக் கரைப்பக்க ஆணியில் மாட்டினேன். ஈரமாக இருந்தது, லேசான பொருள். "எல்லாம் கரையிலதான்" என்றேன். அவர் ஓடிவந்து பலகையைப் பார்த்தார். முறைப்படி மேலிருந்து கீழாக எல்லா வரிசையையும் பார்த்தார். பிறகு என் தலைக்குமேல் தன் மழைச்சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு அழைத்துப் போனார். அவர்மேல் தவறே இல்லை. பலகையை நம்பச் சொல்லித்தான் எல்லோருக்கும் கற்பித்திருந்தார்கள்.

கூடத்தில் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும் தக்காளி சூப்பும் கொடுத்தார்கள். டங்கன் தட்டை வைத்துக்கொண்டே, "டெலியா எங்க?" என்று கேட்டான்.

"ட்ரெவர் சீக்கிரமே வந்துட்டான். கிளம்பிட்டா" என்றேன்.

"சொல்லிக்காமயேவா?"

"அவ அப்படித்தான்" என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். அன்று என் மேசையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான். சூப் சூடாக இருந்தது.

அந்தி சாயும் நேரத்தில் ட்ரெவர் வேனோடு வந்து இறங்கினான், டெலியா எங்கே என்று கேட்டுக்கொண்டு. எல்லோரும் பதறிப்போனார்கள். நான் வேறு யாரையோ ட்ரெவர் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றேன். வில்லை கரைப்பக்கம் இருந்ததால் யாருக்கும் ஏரி நினைவுக்கு வரவில்லை. காட்டுக்குள் தேடினோம். நானும் விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். "டெலியா, டெலியா" என்று எல்லோரையும்விட உரக்கக் கூப்பிட்டேன். அதில்தான் தொண்டை கட்டிக்கொண்டது. என் குரல் இயல்பாக இப்படி இருக்காது.

மறுநாள் அவளைக் கண்டெடுத்தபோது, அவளே வில்லையை மாற்றிவிட்டு மறுபடி இறங்கியிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். துடுக்குக்காரி, செய்யக்கூடியவள்தான் என்றார்கள். அது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அவள் விதியை மீறுகிறவள் இல்லை. செத்தவள்மேல் பழி போடக்கூடாது. வில்லையை மாற்றியது நான்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். கோபம் இல்லை. அவள் சாக வேண்டும் என்றுகூட நினைத்ததாக ஞாபகம் இல்லை. ஒருவர் சொல்வதை நம்பிக் கையை நீட்டி, அந்தப் பக்கத்திலிருந்து வெறும் கையசைப்பு மட்டும் வந்தால் எப்படி இருக்கும் என்று அவள் கொஞ்ச நேரம் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மழை அவ்வளவு நேரம் பெய்யும் என்று எனக்குத் தெரியாது. கூடத்தின் ஜன்னலிலிருந்து ஏரி தெரியும். நான் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன்.

இவ்வளவுதான். வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சின்ன உதவி மட்டும் கேட்கலாமா, மேடம்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது டெலியாவின் அம்மாதானே? அதே நெற்றி. நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார்கள், அந்த நிலைமையிலும். நல்ல மனசு, டெலியா சொன்னது சரிதான். அவர்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க முடியுமா? என் விமானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரைக்கும்தான். நான் பாத்திரமெல்லாம் கழுவித் தருவேன். சத்தம் போட மாட்டேன். டெலியாவின் அறை இப்போது காலியாகத்தானே இருக்கும்.