சீனியின் ஜாமீன்

கோர்ட் கேண்டீனில் நாசி லெமாக் சோறு ஒன்பது மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அதனால் இருபத்திரண்டு வருஷமும் நான் எட்டு மணிக்கே வேலைக்கு வந்துவிடுவேன். ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் ஆம்புரோஸ். ஈப்போவில் ஒரு கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். மலாய் சரியாக வராதவர்கள் கூண்டில் நின்று தமிழில் பேசுவார்கள். அதை நான் மாஜிஸ்திரேட்டுக்கு மலாயில் சொல்வேன்.

ஜாமீன் தொகை என்பது குற்றத்துக்குப் போடும் விலை என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குற்றம் எவ்வளவு கடுமையானது என்று பார்ப்பார்கள்தான். ஆனால் முக்கியமான கேள்வி, கூப்பிட்ட நாளுக்கு ஆள் வருவானா, ஓடிவிடுவானா என்பது. வீடு உண்டா, வேலை உண்டா, குடும்பம் உண்டா, உடம்பு எப்படி, எவ்வளவு புரட்ட முடியும் என்று கேட்பார்கள். அரசுத் தரப்பு ஒரு தொகை சொல்லும். மறுபக்கம் பேசப் பேச அது இறங்கும். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம்.

தொகையை இறக்குவது சொற்கள்தான். இதை நான் வேலையில் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன். சித்தியவான் போகிற ரோட்டில் என் மகள் ஜோனின் மோட்டார் சைக்கிளை ஒரு லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே இறந்துபோனாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. லாரிக்காரனுக்குப் பத்தாயிரம் ரிங்கிட் கேட்டார்கள். அவனுடைய லாயர் எழுந்து சொந்த வீடு என்றார், நிலையான வேலை என்றார், இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றார். மூவாயிரத்தில் வந்து நின்றது. அன்று மத்தியானமே அவன் கேண்டீனில் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து தே ஐஸ் கேட்டான். ஐஸைக் கொஞ்சமாகப் போடச் சொன்னான்.

நான் அவனை ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தேன். கோபம் ஆறிவிடும் என்று எங்கள் சர்ச் ஃபாதர் சொன்னார். அது ஆறவில்லை. கூண்டில் நின்று ஒருவன் "எனக்குப் புள்ள இருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் அந்த லாரிக்காரன் ஐஸைக் குறைக்கச் சொன்னதுதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்கு ஆயிரம் ரிங்கிட் தள்ளுபடி கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சில சொற்களை விட்டுவிட ஆரம்பித்தேன். இல்லாததை ஒருபோதும் சேர்த்துச் சொன்னதில்லை. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

சீனி விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்திரண்டு வயது. ஈப்போவுக்கு வெளியே, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பழைய எஸ்டேட்டில், மிச்சமிருக்கும் லயத்து வீட்டில் இருந்தான். செம்புக் கம்பி திருடியதாகக் குற்றச்சாட்டு. திருடவில்லை என்று விசாரணை கேட்டான். லாயர் இல்லை. அரசுத் தரப்பு ஆறாயிரம் கேட்டது. என்ன சொல்கிறாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"ஐயா, நான் அந்த லயத்துலயே பொறந்தவன். எங்க ஓடப் போறேன்? தெனம் ரெண்டு வேள இன்சுலின் ஊசி போடணும், கால்ல புண்ணு வேற இருக்கு. வீட்டுல பொஞ்சாதி ஒருத்திதான். ஆயிரத்துக்கு மேல பொரட்ட முடியாதுய்யா."

நான் மலாயில் சொன்னேன்: "ஜாமீனைக் குறைக்கும்படி கேட்கிறார்."

மாஜிஸ்திரேட் சின்ன வயதுப் பெண். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், புவான்."

காரணம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டு, ஆறாயிரம், ஒரு ஜாமீன்தாரர் என்று உத்தரவு போட்டார்.

வெளியே அவன் மனைவி செல்லாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, உள்ள நம்ம ஆளு ஒருத்தரு இருந்தீங்களே, அதுவே போதும் லா. நல்லா எடுத்துச் சொல்லியிருப்பீங்க. இன்னும் கொஞ்சம் கொறைப்பாங்களாண்ணே?"

"கோர்ட்டு முடிவு, தங்கச்சி. நாம ஒண்ணும் செய்ய முடியாது."

"ஊசி போடுவாங்கல்ல உள்ள?"

"போடுவாங்க."

அவளிடம் தொள்ளாயிரம் இருந்தது. தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்து, கோயில் கமிட்டியிடம் கேட்டு, பதினெட்டு நாளில் நாலாயிரத்து இருநூறு சேர்த்தாள். பத்தொன்பதாம் நாள் சிறையிலிருந்து சீனியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி கிடைக்காமல் புண் அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. இரண்டு நாள் கழித்து இறந்துபோனான்.

செய்தி வந்தபோது நான் வேறொரு வழக்கில் இருந்தேன். அதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தேன்.

மரண விசாரணைக்கு கலாதேவி என்று ஒரு லாயர் வந்தார். ஃபீஸ் வாங்காமல் ஏழைகளுக்கு வாதாடுகிறவர். அன்றைய கோர்ட் ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டிருக்கிறார். தமிழ் தெரிந்த யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. பிறகு பழைய பதிவுகளையும் எடுத்துக் கேட்டார். நான் இப்படிச் சொற்களை விட்டது நாற்பத்தொரு வழக்கில் என்று சொல்கிறார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இன்னும் அதிகம் இருக்கும். ஜாமீன் கட்ட முடியாமல் உள்ளே இருந்ததில் ஏழெட்டுப் பேர் வேலை இழந்தார்கள். ராக்காயி என்று ஒருத்தி கைக்குழந்தையை நர்சரியில் விட்டு வந்தவள். நான் அதைச் சொல்லாததால் குழந்தை எங்கே என்று இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. செத்தது சீனி ஒருவன்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். இன்சுலின் என்ற சொல் எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. அதற்கு மலாயிலும் இன்சுலின்தான். மொழிபெயர்க்கக்கூட வேண்டாம், திருப்பிச் சொல்லியிருந்தால் போதும்.

என் கோபம் யார் மேல் என்று நேற்று கேட்டீர்கள். அந்த லாரிக்காரன் மேல்தான். பிறகு வேறு வழக்கு ஒன்றில் அவன் எங்கள் கோர்ட்டுக்கே வந்தான். ஆனால் நன்றாக மலாய் பேசுவான், கூடவே லாயரும் வந்திருந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு நான் தேவைப்படுவதில்லை. யாரும் இல்லாதவர்கள்தான் என்னிடம் வருவார்கள். அவர்கள் எல்லோரையும் நான் ஒரே மாதிரிதான் நடத்தினேன், இன்ஸ்பெக்டர். அதில் பாரபட்சம் பார்த்ததாக ஒருவரும் சொல்ல முடியாது.